ஓடக் கூடாத காடு

விடியற்காலை ஐந்து மணிக்கு, கதவே இல்லாத ஒரு புல் குடிலுக்கு வெளியே நின்றுகொண்டு ஒருவர் மெல்லிய குரலில் "ஓடி... ஓடி..." என்று அழைத்தால் தமிழ்க் காது அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? என் அக்கா கொசுவலையைக் கிழிக்காத குறையாக எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, ஓடச் சொல்றாங்களே, என்னடி வந்திருக்கு?" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எது எதிரே வந்தாலும் ஓடக் கூடாது, ஓடுவது இரையின் செயல் என்று எங்கள் வழிகாட்டி முந்தைய நாள் மாலைதான் மூன்று முறை சொல்லியிருந்தார் என்பதால், அந்த அழைப்பு அவளுக்கு இரட்டிப்பு அச்சத்தைத் தந்திருக்க வேண்டும். சின்யாஞ்சா மொழியில் "ஓடி" என்பது வாசலில் நின்று "உள்ளே வரலாமா" என்று கேட்கும் சொல் என்பதும், "ஓடினி" என்று மறுமொழி சொன்னால்தான் தேநீர்த் தட்டு உள்ளே வரும் என்பதும் தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கின.

சாம்பியாவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் தென் லுவாங்வா தேசியப் பூங்காவில், செப்டம்பர் மாதக் கடைசியில், ஆறு நாள்கள் தங்கியிருந்தோம். முதல் இரண்டு நாள்கள் வண்டியில் சுற்றினோம். எஞ்சிய நாள்களில் ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு நடந்து சென்றோம். அக்காவுக்கு அறுபத்தொரு வயது, எனக்கு ஐம்பத்தாறு. இருவரும் நான்கு ஆண்டுகள் பணம் சேர்த்துச் சென்ற பயணம் என்பதையும், இது மலிவாக முடியும் காரியம் அன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொலைக்காட்சியில் லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் என்னும் ஆப்பிரிக்கக் காட்டுமாடுகள் ஆற்றில் குதிக்கும் காட்சியைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், அக்கா தான்சானியாவின் செரெங்கெட்டிக்குத்தான் போக விரும்பினாள். ஒரே ஒரு சிங்கத்தை இருபது வண்டிகள் சூழ்ந்து நிற்கும் படங்களை அவளிடம் காட்டி நான்தான் அவள் மனத்தை மாற்றினேன். சஃபாரி என்ற சுவாகிலிச் சொல்லுக்கு மூலம் பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல். நம் கடற்கரை ஊர்களின் இஸ்லாமியர்கள் கடல் கடந்து பொருளீட்டப் போனவர்களைச் சபுராளி என்று அழைப்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லில் வண்டியும் இல்லை, விலங்கும் இல்லை. நடந்தே போகும் சஃபாரி ஒன்று வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இந்தச் சொல்லாராய்ச்சியும் ஒரு காரணம் என்றால் அக்கா இன்றும் சிரிக்கிறாள்.

ஏற்பாடுகளைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. அடிஸ் அபாபாவில் விமானம் மாற வேண்டியிருந்ததால் கிண்டி கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். ஊசி போட்டுப் பத்து நாள்கள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லும் என்பதால், இதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்க முடியாது. மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கினோம். தலைநகர் லுசாக்காவிலிருந்து பூங்காவை ஒட்டிய முஃபுவேக்குப் போகும் சிறு விமானத்தில் ஒருவருக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினைந்தில் முக்கால் கிலோவை அக்கா எலுமிச்சை ஊறுகாய்க்கு ஒதுக்கினாள். நானோ இரண்டு கருநீலச் சட்டைகளை எடுத்துவைத்தேன். கருநீலமும் கறுப்பும் செட்சி ஈக்களை ஈர்க்கும் நிறங்கள் என்பதும், அந்த ஈக்களைப் பிடிக்கும் பொறிகளையே அந்த நிறத் துணிகளில்தான் தைக்கிறார்கள் என்பதும் போய்ச் சேர்ந்த முதல் நாளே என் முதுகுக்குத் தெரிந்துவிட்டன. மாட்டு ஈ கடித்தவர்களுக்கு அந்த வலி புரியும். செட்சி ஈ சட்டைக்கு மேலேயே கடிக்கும் என்பது மட்டும் கூடுதல் செய்தி.

லுவாங்வா ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காட்டைப் பற்றிப் பேச முடியாது. கிழக்கு ஆப்பிரிக்கப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் ஒரு கிளை தெற்கே இறங்கி வந்து முடியும் தாழ்நிலத்தில், மேற்கே முச்சிங்கா மலைச்சரிவு அரணாக நிற்க, அந்த ஆறு வளைந்து வளைந்து சென்று சாம்பேசியில் கலக்கிறது. அதன் குறுக்கே அணை இல்லை. ஆகையால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது தன் கரையைத் தானே தின்று, பழைய வளைவை விட்டுவிட்டுப் புதிய வழியில் போகிறது; விட்டுப்போன வளைவுகள் லாட வடிவக் குளங்களாகத் தேங்கி நிற்கின்றன. வறண்ட மாதங்களில் பள்ளத்தாக்கின் உயிர்களெல்லாம் ஆற்றையும் இந்தக் குளங்களையும் நோக்கி வருகின்றன. பூங்காவின் பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர் என்றாலும், செப்டம்பரில் அதன் உயிர்நாடி முழுவதும் நீரோரத்தில்தான் துடிக்கிறது. ஒரு வளைவில் நாங்கள் எண்ணத் தொடங்கி நூற்று இருபதில் நிறுத்திய நீர்யானைகள், எஞ்சியிருந்த ஆழத்துக்காக ஒன்றன்மேல் ஒன்று முதுகை உரசிக்கொண்டு கிடந்தன.

வண்டியில் சுற்றிய இரண்டு நாள்களும் வீணாகிவிடவில்லை. உலகில் இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமே வாழும் தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கிகளைக் கண்டோம். இரவு உலாவில் சிறுத்தை ஒன்று எங்கள் வண்டிச் சக்கரத்தை ஒட்டி நடந்து போனது. மான்கள் விளக்கொளியில் கண் கூசித் திகைத்து நிற்கும் நேரம் சிறுத்தைக்கு வாய்ப்பாகிவிடும் என்பதால், மான்கள் மீது பட்டவுடன் வழிகாட்டி விளக்கைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் எனக்கு ஒரு குறை இருந்தது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களை அந்த விலங்குகள் பொருட்படுத்துவதே இல்லை. சிங்கம் நம் பக்கம் பார்க்கும்போதுகூட நம்மைப் பார்ப்பதில்லை. வண்டி என்னும் பெரிய, உண்ண முடியாத, தீங்கற்ற பொருளைப் பார்க்கிறது. மூன்றாம் நாள் காலை வண்டியிலிருந்து இறங்கி நடந்தபோது, கால் கிலோமீட்டர் தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த புகு மான்கள் எல்லாம் ஒருசேரத் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தன. அந்தக் காட்டில் நாங்கள் இருப்பதை முதன்முதலாக ஏதோ ஒன்று கவனித்தது.

நடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அரசின் தேசியப் பூங்கா, வனவிலங்குத் துறையைச் சேர்ந்த காவலர் துப்பாக்கியுடன் முன்னே செல்வார். அவருக்குப் பின்னால் வழிகாட்டி. அதற்குப் பின்னால் ஒற்றை வரிசையில், உடன்வந்த பயணிகளையும் சேர்த்து, நாங்கள் நால்வர். கடைசியாகத் தேநீர்ப் பையைச் சுமந்தபடி ஒருவர். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. பேச்சும் இல்லை, நின்றால் நிற்க வேண்டும், கை இறங்கினால் குனிய வேண்டும். வழிகாட்டியின் இடுப்பில் அடுப்புச் சாம்பல் நிரப்பிய ஒரு சிறு துணிப்பை தொங்கியது. அதை அடிக்கடி உதறி, சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத்தான் அவர் வழியைத் தேர்ந்தார். நம் உருவத்தைக் காட்டிலும் நம் வாடைதான் முன்னே போய்ச் செய்தி சொல்லும் என்பதால், காற்று எதிரே வர வேண்டும் என்பது அங்கே முதல் விதி.

மூன்று நான்கு மணி நேரத்தில் ஆறேழு கிலோமீட்டர்தான் நடப்போம். அதில் பாதி நேரம் தரையைப் பார்ப்பதிலேயே போனது. கழுதைப்புலியின் எச்சம் அது தின்ற எலும்புகளால் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்துக் கிடந்தது. யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி வழிகாட்டி கயிற்றை வைத்து அளந்து, அதை இரண்டால் பெருக்கித் தோள் உயரத்தைச் சொன்னார். யானையோடு பழகியவர்கள் நம் நாட்டிலும் சொல்லும் கணக்குதான். புழுதியில் இருந்த சிறு கூம்புக் குழி ஒன்றைக் காட்டி, "நீங்கள் இன்று நடந்து பார்க்கும் முதல் சிங்கம்" என்றார். எறும்புச் சிங்கம் என்று ஆங்கிலத்தில் பொருள்படும் பெயரை வைத்து அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேடிக்கை அது. குனிந்து பார்த்த அக்கா, "இது குழியானை இல்லையா? எங்கள் ஊரில் இது யானை" என்று தன் ஆங்கிலத்தில் விளக்க, காவலர் வரை எல்லோரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

தேநீருக்காக நாங்கள் உட்கார்ந்தது ஒரு புளியமரத்தின் அடியில். புளி நம் மரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பது சிறு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அங்கே பபூன் குரங்குகள் உதிர்த்துப்போட்ட பழங்கள் தரையெங்கும் கிடந்தன. பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது என்பதால் அக்கா ஒன்றை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "ஊர்ப் புளிதான், கொஞ்சம் துவர்ப்பு அதிகம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஓட்டை அங்கேயே போட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் புளியமரங்கள் பெரும்பாலும் பழைய கறையான் புற்றுகளின் மேல்தான் வளர்ந்து நிற்கின்றன. புற்றுமண்ணின் வளமும், வெள்ளம் எட்டாத உயரமும் அவற்றுக்கு வாய்க்கின்றன.

அந்தப் புற்றுதான் நான்காம் நாள் எங்களைக் காத்தது. மோப்பேன் மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது காற்று சட்டென்று திரும்பியது. வழிகாட்டி சாம்பல் பையை உதறுவதற்குள் எண்பது அடி தொலைவில் ஒரு பெரிய பிடி யானை புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்து காதுகளை விரித்து நின்றது. அதன் பின்னால் இன்னும் இரண்டு பிடிகள். அவற்றின் கால்களுக்கு இடையே ஒரு குட்டி. வழிகாட்டியின் கை பின்பக்கம் அசைந்தது. யானையின் மேலிருந்த கண்ணை எடுக்காமல், பின்னோக்கி ஒவ்வோர் அடியாக வைத்து, வலப்புறம் இருந்த ஆள் உயரப் புற்றின் மறைவுக்குச் சென்று, அதன் சரிவில் ஏறி நிற்குமாறு சைகை காட்டினார். நாங்கள் எல்லோரும் ஏறிவிட்டோம். அக்கா மட்டும் கீழேயே நின்று, குனிந்து, காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். புற்றின்மேல் செருப்புக் காலோடு ஏறுவதா என்ற தயக்கம் மூன்று டன் எடையுள்ள யானைக்கு முன்னாலும் அவளை விடவில்லை. தேநீர்ப் பைக்காரர் அவள் தோளைப் பற்றி மேலே இழுத்துவிட்டார். ஒரு காலில் காலணியும் மறு காலில் காலுறையுமாக, கன்னத்தில் போட்டுக்கொண்டபடி அவள் புற்றின்மேல் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

காவலர் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தவில்லை. இரு கைகளிலும் ஏந்தியபடி அசையாமல் நின்றார். பிடி தும்பிக்கையை உயர்த்தி எங்கள் வாடையைத் துழாவியது. தலையை ஒரு முறை உலுக்கியது. காதுகள் உடம்பில் அறைந்த ஓசை, ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போலக் கேட்டது. பிறகு அது குட்டியைத் தன் நிழலுக்குள் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து போயிற்று. எவ்வளவு நேரம் நின்றோம் என்று கேட்டதற்கு வழிகாட்டி இருபது நிமிடம் என்றார். நான் இரண்டு நிமிடம் என்று நினைத்திருந்தேன். அக்கா அரை நாள் என்கிறாள்.

அந்தப் பிடிக்குத் தந்தம் இல்லை. பிடிக்குத் தந்தம் ஏது என்று நாங்கள் அதை இயல்பாகவே எடுத்துக்கொண்டோம்; ஆப்பிரிக்க யானைகளில் பிடிகளுக்கும் தந்தம் உண்டு என்பதை மறந்துவிட்டோம். 1970-களிலும் 80-களிலும் இந்தப் பள்ளத்தாக்கில் தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தபோது, பிறவியிலேயே தந்தமற்ற பிடிகளை வேட்டைக்காரர்கள் விட்டுவைத்தார்கள். அவற்றின் மகள்களிலும் பலவற்றுக்குத் தந்தம் முளைக்கவில்லை. தந்தமில்லாத பிடிகளிடம் நாங்கள் கூடுதல் தொலைவு விடுவோம், அவற்றுக்குக் கோபம் அதிகம் என்று வழிகாட்டி சொன்னார். காண்டாமிருகங்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் இருந்த கருங்காண்டாமிருகங்கள் முற்றாக வேட்டையாடப்பட்டு, 1998-இல் நாட்டிலேயே அழிந்துபோனதாக அறிவிக்கப்பட்டன. 2003-இல்தான் வடக்கு லுவாங்வாவில் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன. நாங்கள் நடந்த தெற்குப் பகுதியில் இன்னும் இல்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் என்னும் ஐந்து பெரிய விலங்குகளையும் பார்த்துக் கட்டத்தில் குறியிட்டுக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்ற இடம் இல்லை.

இந்தக் காட்டில் நடந்து சுற்றும் நடைமுறைகளையெல்லாம் தொடங்கிவைத்தவர் நார்மன் கார் என்னும் வனவிலங்கு அதிகாரி. வேட்டைக்கு மட்டுமே வெள்ளையர் காட்டுக்கு வந்த காலத்தில், 1950-இல், ந்செஃபு என்னும் மூத்த குலத்தலைவரிடம் பேசி, அவருடைய நிலத்தின் ஒரு பகுதியைப் புகைப்படமெடுக்க வருவோருக்காக ஒதுக்கவைத்து, அதில் வரும் வருமானத்தை அந்த மக்களுக்கே சேரும்படி செய்தார். குலத்தலைவரின் பெயர் இன்றும் பூங்காவின் ஒரு பகுதிக்கு நிலைத்திருக்கிறது. விருந்தினரைத் துப்பாக்கி ஏந்தாமல் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வழக்கம் இங்கே வேர்விட்டு, பிறகு மற்ற நாடுகளுக்குப் பரவியது.

முகாம்களைப் பற்றிச் சொல்கிறேன் என்று தொடக்கத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விளம்பரங்களில் இவற்றைச் சொகுசு என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. நான்கே குடில்கள். மரக் கழிகளை நட்டு, புல் பாய்களைக் கட்டி எழுப்பிய சுவர்கள். ஆற்றைப் பார்த்த பக்கம் சுவரே இல்லை. உள்ளே வெள்ளை விரிப்பு விரித்த நல்ல கட்டில், கொசுவலை, சூரிய மின்விளக்கு. குளியலறைக்கு நாணல் தட்டிதான் சுவர், கூரை இல்லை, தலைக்கு மேலே கிளை நீட்டிய மரத்திலிருந்து சுரைக்காய் அளவிலான காய்கள் நீண்ட காம்புகளில் தொங்கின. மாலையில் குளிக்கும் நேரத்தைச் சொல்லிவைத்தால், விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றி, கப்பிக் கயிற்றால் மேலே ஏற்றிக் கட்டிவிட்டுப் போவார்கள். வாளியின் அடியில் இருக்கும் பூவாளித் திருகைத் திறந்தால் ஒரு வாளிக்குக் குளியல் முடிந்துவிட வேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் நடந்து வந்த உடம்பின் புழுதி கரைந்தோட, வானத்தைப் பார்த்தபடி குளித்த அந்த ஒரு வாளி வெந்நீருக்கு நிகரான ஒன்றை நான் நட்சத்திர விடுதிகளில் அனுபவித்ததில்லை.

சமையல் முழுவதும் விறகில்தான். ஒரு தகரப் பெட்டியை நெருப்புக் கங்குகளின் நடுவே வைத்து, மூடியின்மேலும் கங்கைக் குவித்து, அதற்குள் ரொட்டி சுட்டார்கள். அக்கா சைவம் என்பதால் சமையற்காரர் பூசணி இலையை வேர்க்கடலைப் பொடியோடு வேகவைத்து, மக்காச்சோள மாவில் கிண்டிய நசிமாவுடன் பரிமாறினார். கேழ்வரகுக் களியை அறிந்தவர்களுக்கு நசிமாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கையால் உருட்டி, குழி செய்து, கீரையை அள்ளிச் சாப்பிடும் முறைகூட அதேதான். அக்கா லாகவமாக உருட்டியதைப் பார்த்து அடுப்படியில் இருந்த எல்லோரும் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். ஊறுகாய்ப் புட்டி அன்றிரவே பாதியாகிவிட்டது.

இருட்டிய பிறகு துணையின்றி நடமாட அனுமதி இல்லை. சாப்பிட்ட இடத்திலிருந்து ஐம்பது அடி தள்ளியிருந்த குடிலுக்குக்கூடக் காவலாள் விளக்கோடு வந்து விட்டுவிட்டுப் போனார். அதன் காரணம் இரவில் புரிந்தது. படுக்கையின் தலைமாட்டுக்கு வெளியே, புல் பாய்க்கு அந்தப் பக்கம், மாடு வைக்கோலைப் பிடுங்கி மெல்லும் ஓசை போல ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. பகலெல்லாம் நீரில் கிடந்த நீர்யானை மேய வந்திருந்தது. தொலைவில் எங்கோ சிங்கம் ஒன்று உறுமி, அந்த உறுமல் மெல்ல மெல்லத் தேய்ந்து பெருமூச்சுகளாக முடிந்தது. எங்களுக்கும் அவற்றுக்கும் இடையே இருந்தது ஒரு புல் பாய். "இந்தப் பாயை நம்பியா தூங்குறோம்?" என்று அக்கா கேட்டாள். நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் அவள் குறட்டை விடத் தொடங்கிவிட்டாள்.

கடைசி நாள் மாலை ஓடத்தில் ஏறி, ஆற்றின் செங்குத்தான மண்கரையைப் பார்க்கப் போனோம். செவ்வண்ணப் பஞ்சுருட்டான்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் கரையைத் துளைத்துப் பொந்து தோண்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பொந்தும் ஒரு மீட்டருக்கும் மேல் உள்ளே போகுமாம். ஓடம் நெருங்கியதும் கரை முழுவதும் பெயர்ந்து எழுந்தது போல அவை ஒருசேரப் பறந்தன. நான் அதிகம் படம் எடுக்கவில்லை. எடுத்த இரண்டும் சிவப்புக் கோடுகளாகத்தான் வந்திருக்கின்றன.

திரும்பும் வழியில், எங்கள் முகாமுக்கு முன்னால் கரை புதிதாகச் சரிந்திருந்ததை ஓடக்காரர் காட்டினார். நவம்பரில் மழை வருவதற்கு முன்பு பாய்களையும் கழிகளையும் பிரித்து, கட்டில்களை வண்டியில் ஏற்றி, அடுப்புச் சாம்பலைக்கூட வாரிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு மே மாதம் வரை அங்கே யாரும் இல்லை. தண்ணீர் வடிந்த பின்பு புதுப் புல் அறுத்து மீண்டும் கட்ட வேண்டும். இதே இடத்தில்தானா என்று கேட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கே கட்டியிருந்தார்கள் என்று அவர் துடுப்பால் சுட்டிக்காட்டினார். அந்த இடத்தில் இப்போது ஆற்றின் நடுவே ஏழெட்டு நீர்யானைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தன.

மறுநாள் விடியலில் "ஓடி" என்ற குரல் கேட்டபோது, "ஓடினி" என்று சொன்னவள் அக்கா. இரண்டு காலணிகளையும் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.